அக்டோபர் 13: அண்ணனின் பிறந்தநாளில் அடங்கிய தம்பியின் குரல் – கிஷோர் குமாரின் வாழ்வும் இசையும்

மும்பை: உலக வெகுஜன இசை வரலாற்றில் அக்டோபர் 13-ஆம் தேதிக்குத் தனி இடம் உண்டு. அமெரிக்கப் பாடகர் பால் சைமன் 1941-ஆம் ஆண்டிலும், கவாலி இசை மேதை நுஸ்ரத் ஃபதே அலி கான் 1948-ஆம் ஆண்டிலும் இதே தேதியில்தான் பிறந்தனர். ஆனால் இந்தியத் திரையிசை ரசிகர்களின் நினைவில் இந்நாள் ஓர் இழப்பின் நாளாகவே பதிந்துள்ளது. 1987-ஆம் ஆண்டு அக்டோபர் 13 அன்று பின்னணிப் பாடகர் கிஷோர் குமார் தமது 58-ஆவது வயதில் மும்பையில் காலமானார். அன்று அவருடைய மூத்த சகோதரரும், இந்தித் திரையுலகின் முதல் பெரும் நட்சத்திரங்களுள் ஒருவருமான அசோக் குமாரின் 76-ஆவது பிறந்தநாள்.

ஒரே வீட்டில் ஒருவருக்குப் பிறந்தநாளாகவும் மற்றொருவருக்கு நினைவுநாளாகவும் அமைந்த இந்தத் தேதி, வெறும் தற்செயல் மட்டுமன்று; அவ்விரு சகோதரர்களின் வாழ்வையும் பின்னோக்கிப் பார்க்கத் தூண்டுவதும் ஆகும். தம்பி நடிகராக வேண்டும் என்று அண்ணன் விரும்பினார். தம்பியோ பாடகராக வேண்டும் என்று விரும்பினார். இந்த இரு விருப்பங்களுக்கும் இடையே நடந்த நீண்ட இழுபறியே கிஷோர் குமாரின் வாழ்க்கை.

கண்ட்வாவின் கடைக்குட்டி:

இன்றைய மத்தியப் பிரதேசத்தில் உள்ள கண்ட்வா நகரில், 1929-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4 அன்று ஒரு வங்காளிக் குடும்பத்தில் கிஷோர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் ஆபாஸ் குமார் கங்குலி. தந்தை குஞ்சலால் கங்குலி வழக்கறிஞர்; தாயார் கௌரி தேவி. நான்கு பிள்ளைகளில் மூத்தவர் அசோக் குமார், அடுத்தவர் சதி தேவி, மூன்றாமவர் அனூப் குமார், கடைக்குட்டி கிஷோர்.

மூத்தவருக்கும் இளையவருக்கும் இடையே ஏறத்தாழ 18 ஆண்டுகள் இடைவெளி. கிஷோர் சிறுவனாக இருந்தபோதே அசோக் குமார் பாம்பே டாக்கீஸ் நிறுவனத்தின் நாயகனாகிவிட்டார். ஆய்வகப் பணியாளராக அந்நிறுவனத்தில் சேர்ந்தவர் எதிர்பாராத விதமாக 1936-ஆம் ஆண்டு 'ஜீவன் நையா' படத்தில் நாயகனாக நடிக்க நேர்ந்தது. அதே ஆண்டு வெளியான 'அச்சுத் கன்யா' அவரை நாடறிந்தவராக்கியது. பின்னணிப் பாடல் முறை வேரூன்றாத அக்காலத்தில் நடிகர்களே பாடவேண்டியிருந்ததால், அசோக் குமாரும் தமது பாடல்களைத் தாமே பாடினார். அந்த இசைத்தட்டுகள் கண்ட்வாவின் வீட்டிலும் ஒலித்தன.

சிறுவன் கிஷோரின் குரல் கரகரப்பானது என்று அசோக் குமார் பின்னாளில் நினைவுகூர்ந்ததுண்டு. ஒருநாள் காலில் பட்ட வெட்டுக்காயத்தின் வலி தாளாமல் பல நாட்கள் விடாமல் அழுதான் என்றும், அந்த அழுகையே தம்பியின் தொண்டைக்குப் பயிற்சியாக அமைந்து குரலைத் திறந்துவிட்டது என்றும் அவர் வேடிக்கையாகச் சொல்வார். முறையான சாஸ்திரிய சங்கீதப் பயிற்சி எதையும் கிஷோர் பெற்றதில்லை. அண்ணனின் பாடல்களையும், அக்காலத்தில் இந்தியா முழுவதையும் ஆட்கொண்டிருந்த கே.எல். சைகலின் பாடல்களையும் கேட்டுக் கேட்டு அவர் பாடக் கற்றார். சைகலையே தமது மானசீகக் குருவாக வரித்துக்கொண்டார்.

இந்தூரில் உள்ள கிறித்தவக் கல்லூரியில் சில காலம் பயின்றார். படிப்பை விட்டுப் புறப்பட்டபோது கல்லூரிச் சிற்றுண்டிச்சாலையில் 5 ரூபாய் 12 அணா கடன் வைத்திருந்தார் என்றும், அந்தத் தொகையே பின்னாளில் அவருடைய புகழ்பெற்ற நகைச்சுவைப் பாடல் ஒன்றில் இடம்பெற்றது என்றும் சொல்லப்படுவதுண்டு.

அண்ணனின் நிழலில் தொடங்கிய பயணம்:

1940-களின் நடுப்பகுதியில் பம்பாய் வந்து சேர்ந்த கிஷோருக்கு அண்ணனின் பெயரே முகவரியாக இருந்தது. பாம்பே டாக்கீஸில் குழுப் பாடகராகத் தொடங்கினார். 1946-இல் வெளியான 'ஷிகாரி' படத்தில் சிறிய வேடத்தில் தோன்றினார். அதன் நாயகன் அசோக் குமார். 1948-இல் 'ஜித்தி' படத்தில் தேவ் ஆனந்துக்காகத் தனிப்பாடல் பாடும் வாய்ப்பை இசையமைப்பாளர் கேம்சந்த் பிரகாஷ் அளித்தார். அந்தப் பாடலைக் கேட்டவர்கள் அதில் கிஷோரைக் காட்டிலும் சைகலையே அதிகம் கேட்டனர்.

அதை மாற்றியவர் இசையமைப்பாளர் எஸ்.டி. பர்மன். 1950-ஆம் ஆண்டில் 'மஷால்' பட வேலைகளுக்காக அசோக் குமாரின் வீட்டுக்கு வந்திருந்த பர்மன், உள்ளிருந்து வந்த சைகல் பாணிப் பாடலைக் கேட்டு நின்றார் என்பது திரையுலகில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. குரலைப் பாராட்டிய அவர், பிறரைப் போலப் பாடுவதை விட்டுவிட்டுத் தமக்கென ஒரு பாணியை உருவாக்கிக்கொள்ளுமாறு இளைஞருக்கு அறிவுரை கூறினார். அந்த அறிவுரையின் விளைவாகவே, மேற்கத்திய இசைத்தட்டுகளில் கேட்ட 'யோடலிங்' என்னும் முறையை, அதாவது குரலைக் கீழிருந்து உச்சத்துக்கும் உச்சத்திலிருந்து கீழுக்கும் சட்டெனத் தாவவிடும் உத்தியை, இந்தித் திரையிசைக்குள் கிஷோர் கொண்டுவந்தார்.

ஆயினும் அசோக் குமாரின் எண்ணம் வேறாக இருந்தது. பாட்டை நம்பி வாழ்வதைவிட நடிப்பே நிலையான தொழில் என்று அவர் கருதினார். அண்ணனின் சொல்லைத் தட்ட இயலாத கிஷோர், மனமின்றி நடிகரானார். படப்பிடிப்புக்கு வராமல் தவிர்ப்பது, வந்தாலும் குறும்புகள் செய்து இயக்குநர்களைத் திணறடிப்பது எனப் பல கதைகள் அவரைப் பற்றி உலவின. கிறுக்குத்தனம் என்று பலர் கருதிய அவற்றுள் பாதி, வேண்டாத வேலையிலிருந்து தப்பிக்க அவர் கையாண்ட உபாயங்களே என்று கருத இடமுண்டு.

சென்னையின் பங்கு:

கிஷோர் என்ற நடிகரை வளர்த்ததில் சென்னைக்கும் பங்கு உண்டு. ஏவி.எம். நிறுவனம் தயாரித்த 'லட்கி' (1953) படத்தில் வைஜயந்திமாலா முதலியோருடன் அவர் நடித்தார். அதே நிறுவனத்தின் 'பாய் பாய்' (1956) அசோக் குமாரையும் கிஷோரையும் திரையில் ஒன்றாக நிறுத்தியது. எம்.வி. ராமன் இயக்கிய அப்படம் 'ரத்த பாசம்' என்ற தமிழ்ப் படத்தின் மறுஆக்கமாகும். ஜெமினி கணேசனும் மீனா குமாரியும் நடித்த 'மிஸ் மேரி' (1957) படத்திலும் கிஷோர் நகைச்சுவை வேடம் ஏற்றார்.

1956-இல் வெளியான 'நியூ டெல்லி' தமிழர்களுக்குக் கூடுதல் சுவை தருவது. மோகன் சேகல் இயக்கிய அப்படத்தில், தலைநகரில் வாடகைக்கு வீடு கிடைக்காமல் அலையும் பஞ்சாபி இளைஞன், தமிழனாக வேடமிட்டு ஒரு தமிழர் வீட்டில் குடியேறுகிறான். அவ்வீட்டுப் பெண்ணைக் காதலிக்கிறான். அந்த இளைஞனாகக் கிஷோரும், தமிழ்ப் பெண்ணாக வைஜயந்திமாலாவும் நடித்தனர். மொழியாலும் மாநிலத்தாலும் பிரிந்து நிற்பதைக் கேலி செய்த அப்படம் மொழிவாரி மாநிலங்கள் அமைந்த ஆண்டிலேயே வெளிவந்தது.

1958-இல் அசோக், அனூப், கிஷோர் ஆகிய மூவரும் சகோதரர்களாகவே நடித்த 'சல்தி கா நாம் காடி' வெளியானது. மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை நடத்தும் மூன்று அண்ணன் தம்பிகளின் கதையான அது, இந்தி நகைச்சுவைப் படங்களின் வரிசையில் இன்றளவும் முன்னிடத்தில் உள்ளது. பழைய செவ்ரோலே கார் ஒன்று அதில் நான்காவது சகோதரனைப் போலவே இடம்பெற்றது. எஸ்.டி. பர்மன் இசையில் அமைந்த பாடல்கள் கிஷோரின் குரலிலும் உடல்மொழியிலும் புதுவடிவம் பெற்றன.

பாடகர் என்ற தகுதிக்கான போராட்டம்:

நடிகராகப் புகழ்பெற்ற போதிலும், பாடகராக அவரை முழுமையாக ஏற்கப் பல இசையமைப்பாளர்கள் தயங்கினர். சாஸ்திரிய சங்கீதம் அறியாதவர் என்பதே அதற்குக் காரணம். பிமல் ராய் இயக்கிய 'நௌக்ரி' (1954) படத்தில் அவரே நாயகனாக இருந்தும், பாடலை ஹேமந்த் குமாரைக் கொண்டு பாடவைக்கவே இசையமைப்பாளர் சலீல் சௌத்ரி முதலில் எண்ணினார். கிஷோர் வற்புறுத்தியே அந்த வாய்ப்பைப் பெற்றார். 1958-இல் 'ராகினி' படத்தில் ராகம் சார்ந்த பாடல் ஒன்றுக்கு ஓ.பி. நய்யார் முகமது ரஃபியின் குரலைப் பயன்படுத்தினார். திரையில் வாயசைத்தவர் கிஷோர். பாடகர் ஒருவருக்கே வேறொரு பாடகர் பின்னணி பாடிய அந்த நிகழ்வு, அன்றைய இசையுலகம் அவரை எங்கே வைத்திருந்தது என்பதைக் காட்டுகிறது.

அதே சலீல் சௌத்ரியின் கருத்து மாறுவதற்கு 1962 வரை ஆயிற்று. 'ஹாஃப் டிக்கெட்' படத்தில் ஆணும் பெண்ணும் பாடுவதாக அமைந்த பாடலுக்கு லதா மங்கேஷ்கர் கிடைக்காத நிலையில், இரு குரல்களையும் தாமே பாடுவதாகக் கிஷோர் முன்வந்தார். ஆண் குரலுக்கும் பெண் குரலுக்கும் இடையே மாறி மாறிப் பாடி அவர் முடித்த அந்தப் பாடல், இன்றும் குரல் வித்தைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுகிறது. 1964-இல் 'சாருலதா' படத்தில் சத்யஜித் ராய் ரவீந்திரநாத் தாகூரின் பாடலைக் கிஷோரின் குரலில் ஒலிக்கச் செய்தார். பயிற்சியற்றவர் என்ற குறையை ராய் ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை.

அண்ணனின் பாடல்கள், தம்பியின் குரலில்:

தமது படங்களில் அண்ணனுக்குக் கிஷோர் செலுத்திய நன்றி, பலரும் கவனிக்கத் தவறிய ஒன்று. 1961-இல் வெளியான 'ஜும்ரூ' படத்துக்குக் கிஷோரே இசையமைத்தார். கால் நூற்றாண்டுக்கு முன் 'ஜீவன் நையா' படத்தில் அசோக் குமார் பாடிய சோகப் பாடல் ஒன்றை, அப்படத்தில் அவர் மீண்டும் பாடினார். கண்ட்வாவில் சிறுவனாக இருந்தபோது கேட்ட அப்பாடல், ஆறாத் தனிமையின் குரலாக அவரிடமிருந்து வெளிப்பட்டது.

1968-இல் 'படோசன்' வந்தது. இசையறியாத நாயகன் ஜன்னலோரம் நின்று வாயசைக்க, மறைவில் நின்று பாடும் நண்பனாகக் கிஷோர் நடித்தார். எதிர்வீட்டில் தென்னிந்திய இசை ஆசிரியராக மெஹ்மூத் நடித்தார். அவருக்குக் குரல் கொடுத்தவர் சாஸ்திரிய சங்கீதம் கற்ற மன்னா டே. ஆர்.டி. பர்மன் இசையில் இருவரும் மோதிக்கொள்ளும் அந்தப் போட்டிப் பாடலின் மூலமும், அசோக் குமார் 1941-இல் 'ஜூலா' படத்தில் பாடிய பாடல்தான். முறையாகச் சங்கீதம் பயின்றவரைப் பயிலாதவர் வெல்வதாக அமைந்த அந்தக் காட்சியில், தம்பி ஏந்தி வந்தது அண்ணனின் பாட்டை. மறைவிலிருந்து பிறருக்குக் குரல் தரும் அந்தப் பாத்திரம், அடுத்து அவர் வாழப்போகும் வாழ்க்கையின் முன்னறிவிப்பாகவும் அமைந்தது.

1969 என்னும் திருப்பம்:

கிஷோரின் வாழ்வில் பேரிழப்பும் பெருவெற்றியும் ஒரே ஆண்டில் நேர்ந்தன. ருமா குஹா தாகுர்தாவுடனான முதல் மணவாழ்வு முறிந்த பின், 1960-இல் அவர் நடிகை மதுபாலாவை மணந்தார். பிறவியிலேயே இதயக் குறைபாடு கொண்டிருந்த மதுபாலாவுக்கு லண்டன் மருத்துவர்களாலும் நம்பிக்கை அளிக்க இயலவில்லை. நீண்ட காலம் படுக்கையில் இருந்த அவர், 1969 பிப்ரவரி 23 அன்று தமது 36-ஆவது வயதில் மறைந்தார்.

அதே ஆண்டின் பிற்பகுதியில் சக்தி சாமந்தா இயக்கிய 'ஆராதனா' வெளியானது. எஸ்.டி. பர்மன் இசையில் ராஜேஷ் கன்னாவுக்காகக் கிஷோர் பாடிய பாடல்கள் நாடெங்கும் ஒலித்தன. இந்தி தெரியாத தமிழ் இளைஞர்களும் அவற்றை முணுமுணுத்தனர். பின்னர் அப்படம் சிவாஜி கணேசன் நடிப்பில் 'சிவகாமியின் செல்வன்' (1974) என்ற பெயரில் தமிழில் மறுஆக்கம் செய்யப்பட்டது. 'ஆராதனா' பாடலுக்காகக் கிஷோர் தமது முதல் ஃபிலிம்ஃபேர் விருதைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 40. முதல் தனிப்பாடல் பாடி 21 ஆண்டுகள் கழிந்திருந்தன.

அதன்பின் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நடிப்பைக் குறைத்துக்கொண்டு, தாம் என்றும் விரும்பிய பாட்டுக்கே தம்மை ஒப்படைத்தார். ராஜேஷ் கன்னா, தேவ் ஆனந்த், அமிதாப் பச்சன் என ஒவ்வொரு நடிகருக்கும் ஏற்பக் குரலின் சாயலை மாற்றிப் பாடினார். மொத்தம் 8 முறை ஃபிலிம்ஃபேர் விருது பெற்றார். 'ஷராபி' (1984) படத்துக்கான விருதுப் போட்டியில், சிறந்த பாடகர் பிரிவுக்குப் பரிந்துரைக்கப்பட்ட பாடல்கள் அனைத்தும் அவர் பாடியவையே.

தம்மைக் கண்டெடுத்த எஸ்.டி. பர்மனுக்கு அவர் இறுதிவரை நன்றியுடன் இருந்தார். 1975-இல் 'மிலி' படப் பாடலின் ஒத்திகைக்குப் பின் பர்மன் நோயில் வீழ்ந்தார். அந்தப் பாடலைக் கிஷோர் பாடி முடித்தார். பர்மன் அவ்வாண்டு அக்டோபர் 31 அன்று மறைந்தார். வெறுமையையும் தனிமையையும் பேசும் அப்பாடல், குருவுக்குச் சீடர் செலுத்திய அஞ்சலியாகவே நிலைத்துவிட்டது.

வானொலியில் மௌனமான குரல்:

புகழின் உச்சியில் இருந்தபோதே அவருடைய குரலை அரசு தடுத்த காலமும் உண்டு. நெருக்கடி நிலை அமலில் இருந்த 1976-ஆம் ஆண்டில், அரசுக்கு ஆதரவான நிகழ்ச்சிகளில் பங்கேற்கக் கிஷோர் மறுத்தார். அப்போது வித்யா சரண் சுக்லா தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சராக இருந்தார். அவ்வாண்டு மே 4 முதல் அகில இந்திய வானொலியிலும் தூர்தர்ஷனிலும் கிஷோரின் பாடல்களுக்குத் தடை விதிக்கப்பட்டது. தனியார் ஒலிபரப்பு இல்லாத அக்காலத்தில், ஒரு பாடகருக்கு அது வாயைக் கட்டுவதற்கு நிகரானது. நெருக்கடி நிலைக்குப் பின் அமைந்த ஷா ஆணையத்தின் விசாரணையில் இந்த விவகாரமும் இடம்பெற்றது.

பணத்தில் கறாரானவர் என்று பெயரெடுத்தவர் கிஷோர். ஊதியம் கைக்கு வராமல் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் நுழையமாட்டார் என்பார்கள். ஆனால் ராஜேஷ் கன்னா தயாரித்த 'அலக் அலக்' (1985) படத்துக்கு ஊதியம் பெறாமலே பாடிக்கொடுத்தார். பம்பாயின் ஆரவாரத்தை விட்டுவிட்டுக் கண்ட்வாவுக்கே திரும்பிப் போய் வாழவேண்டும் என்ற ஏக்கத்தை இறுதி ஆண்டுகளில் அவர் அடிக்கடி வெளிப்படுத்தினார்.

அந்த ஒரு நாள்:

1987 அக்டோபர் 12 அன்று, 'வக்த் கி ஆவாஸ்' படத்துக்காக பப்பி லஹரி இசையில் ஆஷா போஸ்லேயுடன் ஒரு பாடலைப் பதிவு செய்தார். அதுவே இறுதிப் பதிவு என்று எவரும் நினைத்திருக்க இயலாது.

மறுநாள் அண்ணனின் பிறந்தநாள். அன்று மாலை ஜூஹுவில் உள்ள தமது இல்லத்தில் கிஷோருக்கு மாரடைப்பு ஏற்பட்டது. வாழ்நாள் முழுவதும் வேடிக்கை காட்டியவர் என்பதால், அவர் சோர்ந்து படுத்ததையும் ஒரு விளையாட்டு என்றே தாம் முதலில் எண்ணியதாக அவருடைய மனைவி லீனா சந்தாவர்க்கர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மாலை 4.45 மணியளவில் அந்தக் குரல் அடங்கியது. வாழ்த்துச் செய்திகளை எதிர்நோக்கியிருந்த அசோக் குமாரின் வீட்டுக்கு, தம்பியின் மரணச் செய்தி சென்றது.

அவரது விருப்பப்படியே உடல் கண்ட்வாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுத் தகனம் செய்யப்பட்டது. உயிருடன் திரும்ப முடியாத ஊருக்கு அவர் இறுதியாக அவ்வாறு திரும்பினார்.

அசோக் குமார் அதன்பின் 14 ஆண்டுகள் வாழ்ந்தார். இந்தியத் திரையுலகின் உயரிய அங்கீகாரமான தாதாசாகேப் பால்கே விருதும் அவரைத் தேடி வந்தது. ஆனால் 1987-க்குப் பின் அவர் தமது பிறந்தநாளைக் கொண்டாடவில்லை. 2001 டிசம்பர் 10 அன்று தமது 90-ஆவது வயதில் காலமாகும் வரை, ஒவ்வோர் அக்டோபர் 13-உம் அவருக்குத் தம்பியின் நினைவுநாளாகவே கழிந்தது.

நிலைத்து நிற்கும் நினைவு:

மத்தியப் பிரதேச அரசு கிஷோர் குமாரின் பெயரில் தேசிய விருதை நிறுவி, திரைத்துறைச் சாதனையாளர்களுக்கு வழங்கி வருகிறது. கண்ட்வாவில் உள்ள அவருடைய சமாதியில் ஆண்டுதோறும் ரசிகர்கள் கூடுகின்றனர். அவர் விரும்பி உண்ட பாலும் ஜிலேபியும் அங்குப் படைக்கப்படுகின்றன. அவருடைய பாடல்களைப் பாடியே அஞ்சலி செலுத்தப்படுகிறது.

நடிகனாக்க விரும்பிய அண்ணனும், பாடகனாகவே நின்ற தம்பியும் இன்று இல்லை. அண்ணனின் விருப்பம் தோற்றது என்றும் சொல்ல முடியாது. சிறுவயதில் கிஷோர் முதலில் பாடிப் பழகியது அசோக் குமாரின் பாடல்களைத்தான். நடிகராகப் புகழ்பெற்ற அண்ணனின் அந்தப் பழைய பாடல்கள் இன்றும் மக்கள் நினைவில் இருப்பது, தம்பி அவற்றை மீண்டும் பாடியதால்தான்.